கடலூர்க் கரையோரத்தில் சாரணியர் முகாம்: இரண்டு இரவுகளில் எவற்றைப் பழக்கலாம்?

கேள்வி: சாரணியர் ஆசிரியை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சாரணியர் படையை நடத்தி வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் இருபத்து நான்கு மாணவியர் மூன்று அணிகளாக இருக்கின்றனர். பொங்கல் விடுமுறை முடிந்தபின், ஜனவரி இறுதியில், இரண்டு இரவுகள் தங்கும் முகாம் நடத்தத் தலைமையாசிரியர் இசைவு தந்துள்ளார். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் தமது சவுக்குத் தோப்பைத் தருவதாகப் பெற்றோர் ஒருவர் சொல்கிறார். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பும் கிடைக்கும்.

நான் பார்த்த சில முகாம்களில் சமையலுக்கு ஆள் வைத்துவிடுகிறார்கள். கூடாரத்தை முன்கூட்டியே அடித்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, ஆசிரியர் முடிச்சுப் போடுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். என் மாணவியர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பழக வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் கையேடுகளில் உள்ள பல முறைகள் குளிர்நாட்டுக் காடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன. நம் மணலுக்கும் வெயிலுக்கும் பொருந்தும்படி எவற்றைக் கற்பிக்கலாம்?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற பயிற்சியாளர், புதுச்சேரி

அம்மா, நீங்கள் தேர்ந்த காலம் சரியானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கரையில் கூடாரத்தை நம்பிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாகாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. ஜனவரி இறுதியில் மழை ஓய்ந்திருக்கும், பனி மட்டுமே தொல்லை தரும். அதற்கு மேல்விரிப்பு ஒன்று போதும்.

இரண்டு தோப்புகளில் சவுக்குத் தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். தரையில் கிடக்கும் கொட்டையைப் பிள்ளைகள் அடுப்பில் போட்டுச் சுட முயன்றால் அந்த எண்ணெய் தெறிக்கும். அதன் புகையும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. சவுக்குத் தோப்பில் கிளைகளும் கழிகளும் உதிர்ந்தே கிடைக்கும், நிழலும் உண்டு. ஆனால் அங்கே தரை முழுவதும் காய்ந்த சருகு மெத்தைபோல் படிந்திருக்கும், சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே அடுப்பு அமைக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து தப்படி தூரத்துக்கு வெறும் மணல் தெரியும்வரை பெருக்கித் தள்ளுவதே முதல் பாடமாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் தீக்குச்சியைக் கையில் கொடுக்காதீர்கள்.

அணைப்பதும் தனியே பழக்க வேண்டிய வேலை. தணலின்மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகும் வழக்கம் நம் கடற்கரைகளில் இருக்கிறது. மணலுக்கு அடியில் தணல் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதன்மேல் மிதித்தால் பாதம் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்று உறுதிசெய்த பிறகே அந்த அணி அடுப்பை விட்டு நகர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் அணித் தலைவியரிடம் ஒப்படையுங்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்துத்தான் பொறுப்பைக் கொடுத்தார். முகாமுக்கு முந்திய வாரங்களில் அணித் தலைவியர் மூவருக்கும் மட்டும் நீங்கள் கற்றுக்கொடுங்கள்; தோப்புக்குப் போனபின் அவர்கள் தத்தம் அணிக்குக் கற்றுக்கொடுக்கட்டும். சோறு சற்றுக் குழைந்தாலும், கூடாரம் கோணினாலும், ஆபத்து இல்லாதவரை நீங்கள் தள்ளி நின்று பார்த்திருப்பதே நல்லது. இது மிகக் கடினமான காரியம் என்பதை அறிவேன்.

மறுமொழி 2: புவியியல் ஆசிரியர், நெய்வேலி

திசை அறிதல் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கையேட்டு முறைகள் பெரிதும் பிசகக்கூடிய இடம் இதுவே.

கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அது வடபுறமாகவே உச்சியைக் கடக்கும். ‘நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்’ என்னும் விதி உங்கள் ஜனவரி முகாமில் பொருந்தும். அதையே நம்பி மே மாதத்தில் நடந்தால் நேர் எதிர்த் திசையில் போய்ச் சேர்வார்கள். கைக்கடிகார முள்ளைக் கொண்டு திசை காணும் முறையையும் நம் ஊரில் நம்ப இயலாது.

இதற்குப் பதிலாக, நம் ஸ்தபதியர் கோயில் மனைக்குத் திசை காணக் கையாண்ட சங்கு முறையைப் பழக்குங்கள் (சங்கு என்பது இங்கே நிழல் பார்க்க நடும் கழி). அது எந்த மாதத்திலும் பிழைக்காது. சமமான தரையில் ஒரு கழியைச் செங்குத்தாக நட்டு, அதன் அடியை நடுவாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். முற்பகலில் நிழலின் நுனி சுருங்கிவந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல். பிற்பகலில் நீண்டு மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு கல். முதற்கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் இணைக்கும் கோடு துல்லியமான கிழக்கு மேற்குக் கோடாகும். நாள் முழுவதும் ஓர் அணி முறைவைத்துக் கவனிக்க வேண்டிய வேலை என்பதால் பொறுமையும் பழகும்.

இரவில் துருவ விண்மீன் நம் ஊரில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அது சுமார் 10 பாகையை மறைக்கும். அதற்குச் சற்று மேலே தேட வேண்டும். தோப்புக்குள்ளிருந்து தெரியாது, திறந்த வெளிக்கு வர வேண்டும். ஓரியன் விண்மீன் கூட்டத்தைக் காண்பது எளிது: ஜனவரி இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் அது உச்சிக்கு அருகில் நிற்கும், அதன் இடுப்பிலுள்ள மூன்று விண்மீன்கள் பின்னிரவில் ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்கி மறையும். வானம் மூடியிருந்தால், அலையோசை வரும் பக்கம் கிழக்கு. இக்கரைப் பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுமொழி 3: திரிசாரணர், தேவனாம்பட்டினம்

மணலில் கூடார முளை நிற்காது. காற்று அடித்தால் பிடுங்கிக்கொள்ளும். பழைய சாக்குப் பையில் மணலை நிரப்பி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் புதைத்து, மிதித்து மூடுங்கள். சாக்குக் கிடைக்கவில்லை என்றால் ஒரு முழச் சவுக்குக் கட்டையும் அதே வேலையைச் செய்யும்.

முடிச்சுகளை எண்ணிக்கைக்காகக் கற்பிக்க வேண்டாம். கிளவ் ஹிட்ச், பவ்லைன், ரீஃப், சதுரக் கட்டு ஆகிய நான்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்குக் கைவந்தால், சவுக்குக் கழிகளைக் கொண்டே தட்டு வைக்கும் பரணும் செருப்புத் தாங்கியும் அவர்களே கட்டிவிடுவார்கள். முடிந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை ஒரு மாலைப்பொழுதுக்கு அழையுங்கள். கட்டுமரம் கட்டிப் பழகிய கை எவ்வாறு கயிற்றை ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கிக்கொண்டே போகிறது என்பதை நேரில் பார்த்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். கடலில் குளிப்பதை மட்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்காதீர்கள்.

மறுமொழி 4: செவிலியர், புதுச்சேரி

சகோதரி, தோப்பில் தங்குவதால் பாம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் உறங்குவோரைத் தீண்டும். அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் ஒரு குழந்தை வயிற்றுவலி என்றோ, இமையைத் தூக்க முடியவில்லை என்றோ சொன்னால், அஜீரணம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது ஆகிய எதுவும் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி கழி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முகாமுக்கு முன்பே அம்மருத்துவமனைக்கு ஒருமுறை நேரில் சென்று கேட்டுவிட்டு, 108க்கு வழி சொல்லும் அளவுக்குத் தோப்பின் அடையாளங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணத் துணியும் கழியும் கொண்டு ஒரு மாணவியைத் தூக்கிச் செல்லும் பயிற்சியை முதல் நாள் பகலிலேயே நடத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சவுக்குத் தோப்பையே முடிவு செய்துவிட்டோம். அணித் தலைவியருக்கு வரும் சனிக்கிழமையிலிருந்து பயிற்சி தொடங்குகிறேன். பாத்திரமில்லாச் சமையலுக்கு எளிதாக எதைக் கொடுக்கலாம்?

மறுமொழி 1 எழுதியவர்

பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். கிழங்கைக் கழுவி, ஈரக் களிமண்ணை ஒரு விரல் தடிமனுக்குப் பூசித் தணலில் புதைத்தால் போதும். மண் காய்ந்து வெடித்ததும் உடைத்துப் பார்க்கலாம். களிமண்ணை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள், தோப்பு மணல் ஒட்டாது. முட்டை சுடுவதானால் அகன்ற முனையில் ஊசியால் ஒரு துளை இட்ட பிறகே மண் பூச வேண்டும். இல்லையேல் தணலில் வெடித்துவிடும்.