18650 செல்லில் ஓடும் இஎஸ்பி32 வைஃபை ஆன் ஆனதும் ரீசெட் ஆகிறது

கேள்வி:
யூஎஸ்பியில் ஒழுங்காக ஓடும் இஎஸ்பி32 (வைஃபை உள்ள கன்ட்ரோலர் சிப்) டெவ் போர்டு, 18650 லித்தியம் செல்லில் மாட்டினால் வைஃபை இணையும்போது ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது. செல்லிலிருந்து டிபி4056 சார்ஜர் மாட்யூல், அதன் அவுட்டிலிருந்து போர்டின் 5வி பின். மல்டிமீட்டரில் செல் 3.8 வோல்ட் காட்டுகிறது. 5வி பின்னை விட்டுவிட்டு 3வி3 பின்னுக்கு நேராகவே கொடுக்கலாமா?

பதில் 1:
கொடுக்கவே கொடுக்காதீர்கள். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட், சிப் தாங்குவது 3.6 வரைதான்.

செல் மேல் தப்பில்லை. இந்த போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜை 3.3-க்கு இறக்கும் சிப்). லோடு ஏறும்போது அது தனக்கென்று 1.1 வோல்ட் போல எடுத்துக்கொள்ளும். 3.8 போனால் வெளியே வருவது 2.7, சிப்புக்குக் குறைந்தது 3.0 வேண்டும். சும்மா இருக்கும்போது சமாளிக்கும். வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும், வோல்டேஜ் சரியும், ரீசெட்.

ஏபி2112கே-3.3 ரெகுலேட்டர் வாங்குங்கள். 600 மில்லிஆம்பியர் தரும், டிராப் (தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வோல்டேஜ்) மிகக் குறைவு. உள்ளேயும் வெளியேயும் 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், பக்கத்திலேயே. அதன் அவுட்டை 3வி3 பின்னுக்குக் கொடுத்து, அந்தப் பின்னுக்கும் ஜிஎன்டிக்கும் (மைனஸ் பின்) குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

பதில் 2:
ஹெச்டி7333 ரெகுலேட்டர் போடலாம் என்று பலர் சொல்வார்கள். தூக்க நிலையில் அது தின்னும் மின்சாரம் சொற்பம்தான், ஆனால் 250 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. வைஃபைக்கு வேண்டாம்.

இன்னொன்று: 3வி3 பின்னில் வெளி ரெகுலேட்டர் இருக்கும்போது யூஎஸ்பி கேபிளையும் செருகினால் இரண்டு ரெகுலேட்டர்கள் ஒரே லைனில் மோதும். யூஎஸ்பியில் புரோகிராம் ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பதில் 3:
பாதுகாப்பையும் பாருங்கள். டிபி4056 மாட்யூலில் செல்லை மாட்டும் பி+, பி- தவிரத் தனியாக அவுட்+, அவுட்- இருந்தால்தான் பொதுவாக பாதுகாப்பு சிப் இருக்கும். டிடபிள்யூ01 என்ற அந்தப் பாதுகாப்பு சிப் கூட செல் 2.4 வோல்ட் அளவுக்கு இறங்கிய பிறகுதான் துண்டிக்கும். செல்லுக்கு அது ரொம்பத் தாமதம். இரண்டு 100கே ரெசிஸ்டரில் வோல்டேஜைப் பாதியாக்கி போர்டின் ஜிபிஐஓ34 பின்னில் படியுங்கள், செல் 3.3-க்குக் கீழே போனால் டீப் ஸ்லீப் (ஆழ்ந்த தூக்க நிலை). வோல்டேஜ் படிக்கும் பின்களில் ஏடிசி2 என்ற தொகுதியைத் தொடாதீர்கள், வைஃபை ஓடும்போது அவை படிக்காது.

மாட்யூலில் வழக்கமாக இருக்கும் 1.2கே ரெசிஸ்டர் 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். 18650-க்குச் சரி. 500 எம்ஏஹெச் பவுச் செல்லுக்கு மாறினால் அதை 5கே ஆக்குங்கள், 250 மில்லிஆம்பியர் வரும். செல் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், ஹோல்டர் போடுங்கள். கனெக்டரின் பிளஸ் மைனஸை ஒவ்வொரு முறையும் மீட்டரில் பாருங்கள். ஒயரின் நிறத்தை நம்பக்கூடாது.

கேட்டவர்:
போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் போடலாமா?

பதில் 3:
அவுட்டில் லோடு இருந்தால் டிபி4056 குழம்பும். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும்தான் அது நிறுத்தும். போர்டு இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த அளவுக்குக் குறையாமலே போகலாம், செல் 4.2-லேயே தொங்கும். அவுட்டில் ஒரு சுவிட்ச் வைத்து, போர்டை அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.