ரூஸ்டுக்குத் தமிழ்: அடைமரம், அடைபாறை

நண்பர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மோயாற்றுப் பக்கம் பாறுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை) எண்ணும் கணக்கெடுப்புக்கான தமிழ்ப் படிவத்தில் ‘ரூஸ்ட்’ (roost, பறவைகள் இரவில் தங்கும் இடம்) வரும் இடத்தில் ‘கூடு’ என்றே போட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. முட்டையும் குஞ்சும் இருக்கும் காலம் தவிர, பெரும்பாலான பறவைகள் கூட்டில் உறங்குவதில்லை. பஞ்சுருட்டான் ஆற்றங்கரை மண்சரிவில் வளை தோண்டி முட்டையிடும்; மற்ற மாதங்களில் இலையடர்ந்த மரத்தில் கும்பலாக ஒட்டி உட்கார்ந்து இரவைக் கழிக்கும். குளிர்காலத்தில் மட்டும் வரும் சாம்பல் வாலாட்டிக்கு நீலகிரியில் கூடே கிடையாது. அதுவும் ராத்திரி எங்காவது தங்கத்தானே வேண்டும்?

பாறுகளில் இந்தக் குழப்பம் கணக்கையே கெடுத்துவிடும். வெண்முதுகுப் பாறு சீகூர்ப் பக்கம் ஓடையோர நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகிறது. பருவத்துக்கு ஒரே முட்டை. கூடுகளை எண்ணினால் இனப்பெருக்கம் செய்யும் இணைகள் எத்தனை என்று தெரியும். இரவில் தங்கும் மரங்களில் எண்ணினால் இன்னும் இணை சேராத இளம் பறவைகளும் கணக்கில் வரும். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து கொடுத்த கால்நடைகளின் பிணத்தைத் தின்று பாறுகள் செத்ததால், கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது 2006இல் தடை செய்யப்பட்டது. மிஞ்சிய பாறுகள் தேறுகின்றனவா என்று பார்க்க இரண்டு எண்ணும் தனித்தனியாக வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘தங்குமிடம்’ என்றால் மசினகுடி லாட்ஜ்தான் கண்முன் வருகிறது. பறவை தங்கும் இடத்தைக் குறிக்கும் ‘சேக்கை’ அழகான பழஞ்சொல். ஆனால் ஆற்றோர வேட்டைத் தடுப்பு முகாமில் நம்மோடு தங்கி எண்ணும் காவலர்களுக்கு அதை விளக்கவே ஒரு மாலை போய்விடும். காக்கா அடையற நேரம், கோழி அடைஞ்சிடுச்சு என்று ஊரெல்லாம் புழங்கும் வினை கையிலேயே இருக்கிறது. அதிலிருந்து அடைமரம். கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறையில் தங்குவதால் அதற்கு அடைபாறை. பொதுப்பெயர் வேண்டுமென்றால் அடையிடம்.

அடைகாத்தலோடு குழம்பாதா என்று கேட்ட அக்காவுக்கு: அடைமரம், அடைபாறை இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய் போல. அதனால் அடைபாறையில் வல்லினம் மிகாது. அடைக்கோழியில் ‘அடை’ பெயர்ச்சொல், அங்கே மிகும். மெய்ப்புப் பார்ப்பவர்கள் தயவுசெய்து ‘அடைப்பாறை’ என்று திருத்திவிட வேண்டாம். குகைவாசலை மூடிய கல்லாகிவிடும்.

படிவத்தில் ‘அடையும் நேரம்’, ‘கிளம்பும் நேரம்’ என இரண்டு பத்திகள் போதும். வெயில் ஏறி, காற்று சூடாகி மேலெழும் வரை பாறு பெரும்பாலும் கிளம்பாது. விடியலில் போனாலும் எண்ண முடியும். அப்புறம், எச்சம் வெள்ளையாகப் படிந்திருப்பதை மட்டும் வைத்து அடைமரம் என்று குறிக்கக் கூடாது. கூடுள்ள மரத்தின் அடியிலும் அப்படித்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. பகலில் குளித்துவிட்டு, இறக்கையை விரித்து வெயில் காயும் மரத்தை அடைமரம் என்று சொல்ல முடியாது. இளைப்பாறுவதை வைத்து ‘ஆறுமரம்’ என்று ஒரு யோசனை வந்தது. எண்ணிக்கைப் பத்தியில் அது 6 மரம் என்று ஏறிவிடும். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.