ரெட்டேரித் தண்ணீர்மேல் பச்சைப் படலம்: லேப் ரிப்போர்ட்டை நம்பலாமா?

கரையோர_வீடு:
எங்கள் வீடு சென்னையில் கொளத்தூர் பக்கம், ரெட்டேரிக் கரையிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ரெண்டு வாரமாக வெயில் கொளுத்துகிறது, காற்று ஒதுக்குகிற மூலையில் பால் ஆடை மாதிரி பச்சையாக ஏதோ படிந்து நிற்கிறது. ஆகாயத்தாமரை இல்லை, அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இது பெயின்ட் கரைத்து ஊற்றினது போல இருக்கிறது, கிட்டப் போனால் மக்கின வாடை. பக்கத்து வீட்டு அக்காவின் நாலு மாடும் பகலில் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன, எங்கள் வீட்டுக்கும் அவங்க பால்தான். மனசு கேட்காமல் ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தேன். டிடிஎஸ், கடினத்தன்மை எல்லாம் பரவாயில்லை, கோலிஃபார்ம் கிருமிதான் அதிகம், கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். பாசியில் விஷம் இருக்கிறதா என்று இந்த ரிப்போர்ட் சொல்லுமா?

நீர்_லேப்:
சொல்லாது தம்பி. அந்த டெஸ்ட் உப்பையும் கிருமியையும்தான் பார்க்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நீலப்பச்சைப் பாசி மாதிரி இருக்கிறது, பேர்தான் பாசி, உண்மையில் அது சயனோபாக்டீரியா என்கிற ஒரு வகை பாக்டீரியா. சாக்கடை கலந்து, தண்ணீர் அசையாமல், வெயிலும் அடித்தால் கிடுகிடுவென்று பெருகும். அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒரு வகை, அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள்! பாசியின் செல் உடைந்து உள்ளே இருக்கும் விஷமும் தண்ணீரில் கலந்துவிடும், சூட்டில் அது அழியாது. 2014-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஈரி ஏரித் தண்ணீரில் இது வந்தபோது குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்றுதான் அறிவித்தார்கள்.

லேபில் 'மைக்ரோசிஸ்டின், எலைசா முறையில்' என்று பேர் சொல்லிக் கேளுங்கள், எலைசா என்பது அந்த விஷத்தை அளக்கிற ஒரு டெஸ்ட். எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், போன் பண்ணிவிட்டுப் போங்கள். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். வடிகட்டாதீர்கள், விஷத்தில் பெரும்பகுதி செல்லுக்குள்தான் இருக்கும், உறைய வைத்து உருக்கி அதை உடைத்துத்தான் அளப்பார்கள். ஆடை படிந்த இடத்தில் ஒரு பாட்டில், மாடு வாய் வைக்கிற இடத்தில் ஒரு பாட்டில் எடுங்கள், ரெண்டுக்கும் அளவு ரொம்ப வித்தியாசப்படும். கையுறை அவசியம். நாள்தோறும் குடிக்கிற தண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், இறங்கிக் குளிக்கிற தண்ணீருக்கு 24.

மாதவரம்_கொட்டகை:
அண்ணா, காசு செலவு பண்ணுவதற்கு முன்னாடி ஒன்று செய்யுங்கள். கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் ஏரித் தண்ணீர் பிடித்து மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஆட்டாமல் வையுங்கள், பசங்க கைபடாத இடமாக. காலையில் பச்சை மேலே மிதந்தால் நீலப்பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், அடியில் தங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசியாக இருக்கும். விஷம் இருக்கிறதா என்பது இதில் தெரியாது, அதற்கு லேப்தான்.

ஆனால் மாட்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். போன கோடையில் எங்கள் ஆடு ஒன்று இந்த மாதிரி ஒரு குட்டையில் குடித்துவிட்டு வந்து சாயங்காலம் நடக்க முடியாமல் விழுந்தது, விடியும்போது இல்லை. பாசிதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அன்றைக்கு நான் தண்ணீரை எடுத்து வைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கரையோர_வீடு:
ஜாடியைக் காலையில் பார்த்தேன். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பச்சை, கீழே தண்ணீர் தெளிவு. அக்காவிடம் அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, மாட்டையெல்லாம் கொட்டகையில் கட்டிவிட்டு போர் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினாங்க. எலைசா பண்ணுகிற லேப் ஒன்று கிடைத்திருக்கிறது. நாளைக்கு ரெண்டு பாட்டில் ஏரியில், ஒன்று எங்கள் கிணற்றில்.