சாமுவேல் பிசார் வழக்கறிஞராகச் செய்த வேலை என்ன?

சட்டக் கல்லூரி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். சாமுவேல் பிசாரைப் பற்றி இணையத்தில் வரும் கட்டுரைகள், அவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியதையும், அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஆன்டனி பிளிங்கனின் மாற்றாந்தந்தை என்பதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, தொழிலைப் பொறுத்தவரை ‘புகழ்பெற்ற பன்னாட்டு வழக்கறிஞர்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவரைப் பெரிய நிறுவனங்கள் தேடிச் சென்றது ஏன் என்று யாராவது விளக்க முடியுமா?

கடலோடி:
வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929இல் போலந்தின் பியாலிஸ்டோக் நகரில் பிறந்தார். நாஜிகளிடம் பெற்றோரையும் தங்கையையும் இழந்து, பதினாறு வயதில் விடுதலையானபோது அவருடைய பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. உறவினர்கள் அவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, பிறகு ஹார்வர்டிலும் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். 2015இல் நியூயார்க்கில் காலமானார்.

பழைய வக்கீல்:
பிசாரின் துறை, சோவியத் அணி நாடுகளுக்கும் மேற்கத்திய நாடுகளுக்கும் இடையிலான வணிகம். எனவே மாணவித் தங்கையின் கேள்விக்கு விடை, அன்றைய சோவியத் வணிக முறையில் இருக்கிறது. அங்கே அயல்நாட்டு வணிகம் முழுவதும் அரசின் ஏகபோகம். எண்ணெய்க்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று என்று அமைக்கப்பட்ட அரசு வணிக அமைப்புகளோடு மட்டுமே மேற்கத்திய நிறுவனம் ஒப்பந்தம் செய்ய முடியும். ஆனால் சட்டப்படி அந்த அமைப்பு வேறு, அரசு வேறு.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, பிசாருக்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1956இல் இஸ்ரேல் எகிப்தைத் தாக்கிய சினாய்ப் போர் மூண்டதும், இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றுக்கு எண்ணெய் அனுப்ப சோவியத் அமைச்சகம் ஏற்றுமதி உரிமம் மறுத்தது. எண்ணெய் அமைப்போ, இது எங்கள் கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு, எனவே இழப்பீடு தர வேண்டியதில்லை என்று வாதிட்டது. ஒப்பந்தப்படி வழக்கு மாஸ்கோவில் இருந்த நடுவர் ஆணையத்துக்கே சென்றது. 1958இல் அந்த வாதத்தை ஏற்ற ஆணையம், வாங்கியவரின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. நடைமுறையில் பார்த்தால், விற்றவரும் அரசு, உரிமம் மறுத்தவரும் அரசு, தீர்ப்புச் சொன்ன ஆணையமும் அதே நாட்டுடையது!

ஆகவே, உரிம மறுப்பை யார் தலையில் கட்டுவது, தகராறு வந்தால் எந்த ஊரில் விசாரிப்பது, பணம் எந்த நாணயத்தில் வரும் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குவதுதான் இத்துறை வழக்கறிஞரின் வேலை. கிழக்கு மேற்கு வணிகத்துக்கான இத்தகைய வழிமுறைகளை 1970இல் ஒரு பெரிய நூலாகவே பிசார் தொகுத்தார். பின்னர், 1977இல் அமெரிக்க, சோவியத் தரப்புகள் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் விசாரணை என்ற விருப்பப் பிரிவை, அதாவது விரும்புபவர்கள் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடிய பிரிவை, ஒப்புக்கொண்டன.

நெல்லைக்காரன்:
ஐயா சொல்வது சரிதான். இருந்தாலும் பிசாருக்கு அமெரிக்கக் குடியுரிமையே 1961இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய தனிச் சட்டத்தால் கிடைத்தது. வரிசையில் நின்று விசா வாங்கும் சாதாரணப் பிள்ளைகளுக்கு இவரை முன்னுதாரணமாகக் காட்டுவது பொருந்துமா?

பழைய வக்கீல்:
செல்வாக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: கென்னடியின் பொருளாதாரக் கொள்கைக் குழுவில் அவர் சேர்ந்தது 1960இல், குடியுரிமை வந்தது அதற்குப் பிறகு. குடிமகன் அல்லாத ஒருவரை அங்கே உட்காரவைத்தது அவருடைய அறிவுதான் என்றே நான் நினைக்கிறேன். பியாலிஸ்டோக் 1939 முதல் 1941 வரை சோவியத் ஆட்சியில் இருந்ததால், பத்து வயதிலேயே அந்த அரசை உள்ளிருந்து பார்த்தவர் அவர். வாஷிங்டனில் பிறந்து வளர்ந்த எந்த வக்கீலுக்கு அது வாய்க்கும்?

முன்னுதாரணம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். குடியுரிமை வந்த வழியைப் பின்பற்ற முடியாது, படித்த விதத்தைப் பின்பற்றலாம். தங்கை வெளிநாடு போவதாக இருந்தால், போகும் நாட்டின் சட்டத்தை மட்டும் படிக்காமல், கட்சிக்காரர் எந்த நாட்டோடு வணிகம் செய்கிறாரோ அந்த நாட்டின் உரிம விதிகளையும் மூல மொழியில் படிக்கப் பழகுங்கள்.