மூன்று மாநிலங்களுக்கு ஒரே செனட்டர்

தம்பி: பெரியப்பா, மூன்று வெவ்வேறு மாநிலங்களிலிருந்து அமெரிக்க செனட்டுக்குச் சென்றவர் வரலாற்றிலேயே ஒருவர்தான் என்று வினாடி வினாவுக்காகப் படித்தேன். அவர் அந்நாட்டில் பிறந்தவரே அல்லராமே?

பெரியப்பா: ஜேம்ஸ் ஷீல்ட்ஸைத்தான் சொல்கிறாய். 1806-இல் அயர்லாந்தின் டைரோன் வட்டாரத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கப்பலேறி, இல்லினாய்ஸில் வழக்கறிஞரான அவர், மெக்சிகோ போரில் படை நடத்திச் சென்று, 1847-இல் செர்ரோ கோர்டோவில் நெஞ்சில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். அந்தப் புகழோடு 1849-இல் செனட்டுக்குப் போனவரை வாசலிலேயே மடக்கிவிட்டார்கள்.

அக்கா: எதற்காக, பெரியப்பா?

பெரியப்பா: செனட்டராவதற்கு ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். அவர் குடியுரிமை பெற்றதோ 1840 அக்டோபரில். சில மாதக் குறைக்காக அவருடைய தேர்தலே செல்லாது என்று செனட் அறிவித்தது. போரில் சிந்திய ரத்தம் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஒன்பது ஆண்டு நிறைந்ததும் இல்லினாய்ஸ் சட்டமன்றம் விடாப்பிடியாக அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. பின்னர் 1858-இல் மின்னசோட்டாவிலிருந்தும், 1879-இல் சில வாரங்கள் மட்டும் மிசௌரியிலிருந்தும் சென்றார்.

அத்தை: அண்ணா, லிங்கனை வாள்சண்டைக்கு இழுத்தவரும் இவர்தானே?

பெரியப்பா: இவரேதான், 1842-இல். மாநிலத் தணிக்கையாளராக இருந்த ஷீல்ட்ஸ், நொடித்துப்போன மாநில வங்கியின் நோட்டுகளை வரிக்கு வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டார். கஜானாவைக் காக்க வேண்டியவர் வேறென்ன செய்வார்? ஆனால் ‘ரெபேக்கா’ என்ற புனைபெயரில் அவரை எள்ளி நகையாடும் கடிதங்கள் பத்திரிகையில் வர, அதில் லிங்கனின் கை இருப்பதை அறிந்து சவால் விட்டார். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லிங்கனுக்கு. அவரோ குதிரைப்படையின் கனத்த வாளைக் கேட்டு, நடுவே நிறுத்தும் பலகையை எவரும் தாண்டக் கூடாது என்றும் நிபந்தனை போட்டார். ஆறடி நான்கு அங்குல மனிதரின் கைநீளத்துக்கு ஷீல்ட்ஸ் எப்படி ஈடுகொடுப்பார்! மிசிசிப்பி ஆற்றைக் கடந்து களத்துக்கே போன பிறகுதான் நண்பர்கள் சமரசம் செய்துவைத்தார்கள்.

அக்கா: அந்தப் பகை பிறகும் நீடித்ததா?

பெரியப்பா: இல்லையம்மா. உள்நாட்டுப் போர் மூண்டதும் அவரைப் படைத்தளபதியாக நியமித்தவர் லிங்கன்தான். அதைவிட வேடிக்கை, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலை மண்டபத் தொகுப்புக்கு ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் தரலாம். இல்லினாய்ஸ் 1893-இல் கொடுத்தது ஷீல்ட்ஸின் சிலையை.

அத்தை: அப்படியானால் இரண்டாவது சிலை லிங்கனுடையதா?

பெரியப்பா: அதுவும் இல்லை. மதுவிலக்குக்காகப் பாடுபட்ட ஃபிரான்சிஸ் வில்லர்டு அம்மையாருடையது.