பெருந்தொற்றில் விடுபட்ட கிளினிக் பயிற்சியை எப்படி ஈடுகட்டுவது?

நான்காம் ஆண்டு மாணவி, கோலாலம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது நான் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டில், பொம்மைத் தலையில் பொருத்திய பிளாஸ்டிக் பற்களைக் குடைந்து பழகிக்கொண்டிருந்தேன். பாடங்கள் இணையத்துக்கு மாறியதில் எனக்குக் குறையில்லை; விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிந்ததால் வாய் நோயியல் நன்றாகவே புரிந்தது. கைவேலைதான் நின்றுபோனது. கிளினிக் திறப்பதும் மூடுவதுமாக மூன்றாம் ஆண்டு கழிந்தது. இந்த 2021 அக்டோபரில் மாநிலம் கடக்க அனுமதி கிடைத்து எல்லாரும் திரும்பிவிட்டோம் என்றாலும், ஒரே வேளையில் கிளினிக்கின் எல்லாச் சிகிச்சை நாற்காலிகளையும் பயன்படுத்த விடுவதில்லை. முடிக்க வேண்டிய சிகிச்சைப் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பிளாஸ்டிக் பல்லில் கூடுதலாகப் பயிற்சி செய்தால் ஈடாகுமா?

அரசாங்கப் பல் மருத்துவர், பினாங்கு:

தங்கைக்கு வணக்கம். ஓரளவு ஈடாகும். குழியின் ஆழம், சுவரின் சாய்வு, மேல் கடைவாய்ப் பல்லைக் கண்ணாடியில் பார்த்தபடியே குடைவது ஆகியவை பிளாஸ்டிக்கில் கைவந்துவிட்டால், நோயாளியிடம் நேரம் மிச்சமாகும். ஆனால் கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் உள்ளே சென்று எலும்பில் மெல்லத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டதும் இம்மியளவு பின்னிழுத்து, சிரிஞ்சில் இரத்தம் ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். அப்படித் தட்டுப்படும் உணர்வையும், அப்போது விழித்துப் பார்க்கும் நோயாளியின் கண்களையும் எந்தப் பொம்மையும் தராது.

நாற்காலிகளைக் குறைத்ததற்காகக் கல்லூரியை நொந்துகொள்ள வேண்டாம். பல்லைக் குடையும் கருவியான அதிவேக ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைக் குளிர்விக்கும் தண்ணீர் எச்சிலோடு கலந்து நுண்துளிகளாகப் பறக்கிறது. தனியார் கிளினிக்கில் அது ஓர் அறையோடு நிற்கும். கல்லூரிகளிலோ பெரும்பாலும் ஒரே கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் இருக்கும். உங்கள் முறை இல்லாத நாளில் தோழியருக்கு உதவியாளராக உட்காருங்கள். உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் அளவு, சில வேளைகளில் குடைபவருக்கே தெரியாது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கோலாலம்பூர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் எண்ணிக்கையைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பல் பிடுங்குதல் ஒரே வருகையில் முடிந்துவிடும், பட்டியலிலும் ஒரு கட்டம் நிறையும். முழுப் பொய்ப்பல் செட் அப்படியன்று: ஈறின் முதல் அச்சு, இரண்டாம் அச்சு, மேல் கீழ்த் தாடைகள் பொருந்தும் விதத்தைக் குறிக்கும் கடிநிலைப் பதிவு, மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்துப் பார்த்தல், செட்டை ஒப்படைத்தல் என்று குறைந்தது ஐந்து வருகைகள் வேண்டும், அதன் பிறகு ஈறு உறுத்துகிறது என்று வருபவருக்குச் சீர்செய்து கொடுக்கவும் வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தொற்றுக்கு அதிகம் அஞ்சி வீட்டோடு இருந்தவர்களும் அவர்களே. கடிநிலைப் பதிவோடு கிளினிக் மூடி, மாதக்கணக்கில் கழித்துத் திறந்தால், ஈறு அதற்குள் தேய்ந்து மாறியிருக்கக்கூடும், பழைய அச்சை நம்ப முடியாது. ஆகவே பெருந்தொற்று உங்களிடமிருந்து பறித்தது ஒரு நோயாளியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே பார்க்கும் வாய்ப்பைத்தான். ஐந்து பேரைப் பாதிப் பாதியாகப் பார்ப்பதைவிட இருவரை முழுமையாக முடிப்பதற்கு மேற்பார்வையாளரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

நான்காம் ஆண்டு மாணவி:

இருவருக்கும் நன்றி. ஐயா, என்னிடம் செட் கட்ட வந்த ஒரு பாட்டியின் சிகிச்சை இரண்டாம் அச்சோடு ஜூனில் நின்றுவிட்டது. தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொண்டார், வரவும் சம்மதிக்கிறார். அந்த அச்சிலிருந்தே தொடரலாமா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

அந்தப் பழைய அச்சில் வார்த்த மாதிரியின் மேல் செய்த அடித்தட்டை (செட்டின் பற்களைத் தாங்கும் தற்காலிகத் தட்டு) அவர் வாயில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் அமர்ந்தால் மேற்பார்வையாளரிடம் காட்டிவிட்டுத் தொடரலாம். ஆடினால் தயங்காமல் புது அச்சு எடுங்கள். பாட்டியைக் காலை முதல் ஆளாக வரச் சொல்லுங்கள், கூடத்தில் அப்போதுதான் கூட்டம் குறைவாக இருக்கும்.