ஹார்வியைத் திருத்தியது அந்த ஒரு குத்தா?

துடுப்பு: ‘கேப்டன்ஸ் கரேஜியஸ்’ நாவலைப் பற்றி நேற்று நம் பழைய வாசகர் எழுதிய பதிவைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. “டிஸ்கோ மூக்கில் விட்ட ஒரு குத்தில் ஹார்வி மனிதனானான், இந்தக் காலப் பிள்ளைகளுக்கும் அதுதான் மருந்து” என்கிறார். பயணக் கப்பலிலிருந்து கடலில் விழுந்த பணக்கார வீட்டுப் பையன் ஹார்வி, டிஸ்கோ தலைவராக இருக்கும் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்து மாறும் கதை அது. 1897இல் புத்தகமாக வந்த கிப்ளிங்கின் நாவலில் இப்படி எங்கே இருக்கிறது?

பழைய வாசகர்: முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கப்பலிலிருந்து விழுந்தவனை டிஸ்கோவின் ஆளான மீனவன் மானுவல் தூக்கிக் காப்பாற்றுகிறான். பையன் எழுந்ததும் “என் 134 டாலரைத் திருடிவிட்டீர்கள்” என்று கத்துகிறான். டிஸ்கோ ஒன்று வைக்கிறார். அப்புறம்தான் வாய் அடங்குகிறது. அடிக்கு முன் ஒரு ஹார்வி, அடிக்குப் பின் ஒரு ஹார்வி. அவ்வளவுதான்.

துடுப்பு: அடி வாங்கியவன் மூக்கில் ரத்தம் வழிய அழுதுகொண்டுதானே கிடந்தான்? பக்கத்தில் வந்து நின்றவன் டிஸ்கோவின் மகன் டான். தன் அப்பா திருடர் இல்லை என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் ஹார்வி தானாகப் போய் மன்னிப்புக் கேட்கிறான். திருத்தியது டானின் பேச்சு, குத்து இல்லை.

பழைய வாசகர்: குத்து விழாமல் இருந்தால் டான் பேசியிருப்பானா? அதே டான், தன் முதல் பயணத்தில் தன்னையும் அப்பா அடித்ததாகவும் அதுவே கடைசி அடி என்றும் சொல்கிறானே. அந்த வரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களுக்கு வசதியான பக்கத்தை மட்டும் புரட்டுவது பழக்கம். போன மாதம் ‘புதையல் தீவு’ விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

எழுகடல்: கடைசியில் மானுவல் சாகும் இடத்தில் நான் அழுதுவிட்டேன். அந்தப் பாசம்தான் பையனை மாற்றியது.

துடுப்பு: நாவலில் மானுவல் சாகவே இல்லை. அது 1937இல் வந்த திரைப்படம். மானுவலாக நடித்த ஸ்பென்சர் டிரேசிக்கு ஆஸ்கர் கிடைத்தது. படத்தில் ஹார்வி சின்னப் பையன், நாவலில் 15 வயது. புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

எழுகடல்: படம் பார்த்தவர்கள் பேசக் கூடாதா? இந்தத் திமிருக்குத்தான் இங்கே யாரும் வருவதில்லை.

துடுப்பு: பேசுங்கள், நாவல் என்று சொல்லாமல் பேசுங்கள். குத்துக்கு வருகிறேன். மாதம் 200 டாலர் கைச்செலவுக்கு வாங்கியவனை டிஸ்கோ மாதம் பத்தரை டாலர் சம்பளத்துக்கு வேலைக்கு வைக்கிறார். அப்புறம் என்ன? ராத்திரியில் மீன் அறுக்கும் வேலை. ஒருவன் வயிற்றைக் கீற, இன்னொருவன் ஈரலையும் தலையையும் எடுக்க, மற்றவன் முள்ளை உருவ, காட் மீன் கீழே உப்புக்குப் போகிறது. பையன் நிற்க முடியாமல் நிற்கிறான். உப்பு நீரும் மீன் சளியும் பட்டுக் கை முழுக்கக் கொப்புளம். அது பழுத்ததும் டான் தன் அப்பாவின் சவரக் கத்தியால் கீறிவிட்டு, இனி நீயும் மீனவன்தான் என்கிறான். அதில்தான் அவனுக்குப் பெருமை வருகிறது. மூக்கில் வாங்கியதில் இல்லை.

தென்றல்: அந்தக் கப்பலின் இன்னொரு மீனவன் லாங் ஜாக் கயிறுகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போது கயிற்று நுனியால் அடிக்கிறானே, அது என்ன கணக்கு? அடியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

பழைய வாசகர்: கேளுங்கள்! ஒரு குத்து மட்டுமில்லை, பயணம் முழுக்க அடி.

துடுப்பு: ஒரு குத்து என்று எழுதியவர் நீங்கள். இப்போது பயணம் முழுக்க என்கிறீர்கள். எதில் நிற்கிறீர்கள்? அவர்களுடைய துறைமுக ஊரான க்ளௌஸ்டருக்குத் திரும்பிய பிறகு, பையன் சொன்னது அத்தனையும் உண்மை, அப்பா நிஜமாகவே ரயில் முதலாளி என்று தெரிந்ததும், தன் கணிப்பு தப்பு என்று டிஸ்கோவே ஒப்புக்கொள்கிறார். அடித்தவரே தடுமாறுகிறார், நீங்கள் தடுமாற மறுக்கிறீர்கள்.

பழைய வாசகர்: கணிப்பு தப்பு என்றார், அடி தப்பு என்று சொல்லவில்லை. திருடன் பட்டம் கட்டினால் அடி விழும். எங்கள் வீட்டிலும் விழும்.

தென்றல்: வீட்டுக் கதை எதற்கு? ஹார்வியைக் கரையில் இறக்கிவிடாமல் மீன்பிடி காலம் முடியும்வரை வைத்திருந்தது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லையே.

துடுப்பு: மீன் பிடிக்கும் கடல் பகுதியான கிராண்ட் பேங்க்ஸிலிருந்து பாதியில் திரும்பினால் அத்தனை பேருக்கும் அந்தப் பருவத்துப் பிழைப்பு போகும், அதற்குத்தான். தனி இழையில் கேளுங்கள். பழைய வாசகரே, குத்து விழுந்த அதே அத்தியாயத்தில் அவன் திருந்தினான் என்று காட்டும் ஒரு வரியை எடுத்துப் போடுங்கள்.

பழைய வாசகர்: மூக்கில் ரத்தம் வந்த வரியே போதும்.

எழுகடல்: ஸ்பென்சர் டிரேசி யாரையும் அடிக்கவில்லை.

துடுப்பு: அது படம்!